ஃபோன் நெட்டை டேபுக்குக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். பாடத்தில் சந்தேகம் கேட்டு ஃபோன் வருவது போலவே "டேப்ல நெட் வரல டீச்சர்" என்றும் தினம் ஒரு ஃபோன் வந்துவிடும். எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் நிலைமை ஒன்றுதான். வீட்டுக்குத் தனி வைஃபை இணைப்பு கிடையாது. அப்பா அல்லது அம்மா ஃபோனில் தினசரி டேட்டா உண்டு. பிள்ளை கையில் சிம் போட இடமில்லாத ஒரு டேப். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். மேலிருந்து படித்து வந்தால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

"டேப்ல சிம் போடற இடமே இல்ல. அப்புறம் நெட் எப்படி வரும்?"

உங்கள் ஃபோனிலிருந்து வரும். ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தால், ஃபோன் ஒரு பக்கம் டவரிலிருந்து டேட்டாவை வாங்கி, மறுபக்கம் அதையே வைஃபையாக விடுகிறது. வீட்டு வைஃபையைப் பிடிப்பது போலவே டேப் அதைப் பிடித்துக்கொள்ளும். டேபுக்கென்று சிம் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டேபுக்குத் தெரிவது "வைஃபை கிடைத்துவிட்டது" என்பது மட்டும்தான். அந்த வைஃபை உங்கள் பேக்கின் தினசரி ஒன்றரை ஜிபியிலிருந்து வருகிறது என்பது பல நேரம் அதற்குத் தெரியாது. என்னிடம் வரும் புகார்களில் பாதி இதிலிருந்து கிளம்புவதுதான்.

"செட்டிங்ஸ் முழுக்கத் தேடிட்டேன். ஹாட்ஸ்பாட் எங்கதான் இருக்கு?"

ஃபோனுக்கு ஃபோன் இடம் மாறும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களில் செட்டிங்ஸில் "நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்" என்பதற்குள் இருக்கும். சாம்சங்கில் "கனெக்‌ஷன்ஸ்" என்பதற்குள். ரெட்மியில் "போர்ட்டபிள் ஹாட்ஸ்பாட்" என்று பெயர். ஐஃபோனில் "பர்சனல் ஹாட்ஸ்பாட்". தேடச் சலிப்பாக இருந்தால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் கட்டத்தில் ஹாட்ஸ்பாட் என்று அடித்துவிடுங்கள், நேராகக் கொண்டுபோய் விடும்.

உள்ளே போனதும் பெயர், பாஸ்வேர்ட் இரண்டையும் பாருங்கள். பாஸ்வேர்ட் குறைந்தது எட்டு எழுத்தாவது இருக்க வேண்டும். அதன்பின் டேபில் வைஃபையைத் திறந்து, பட்டியலில் உங்கள் ஃபோனின் பெயரைத் தொட்டு, பாஸ்வேர்ட் கொடுத்தால் முடிந்தது. பல ஆண்ட்ராய்டு ஃபோன்கள் ஒரு கியூஆர் கட்டத்தையும் காட்டும். டேபின் கேமராவை அதன்மேல் காட்டினாலே சேர்ந்துவிடும். ஒருமுறை சேர்த்துவிட்டால் மறுநாளிலிருந்து ஃபோனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்வது மட்டும்தான் வேலை.

"ஐஃபோன்ல ஆன் பண்ணிட்டேன். டேப்ல என் ஃபோன் பேரே காட்டல!"

ஐஃபோனில் அந்த ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து வைத்தபடியே டேபில் தேடுங்கள். பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனால் சில நேரம் புதிய கருவிகளின் கண்ணுக்கு அது தெரியாது. சேர்ந்த பிறகு மூடிக்கொள்ளலாம்.

அப்படியும் தெரியவில்லை என்றால் அலைவரிசைதான் காரணமாக இருக்கும். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு உண்டு. விலை குறைந்த டேப்கள், பழைய டேப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ஃபோன் 5-இல் விட்டால் அந்த டேபைப் பொறுத்தவரை அங்கே வைஃபையே இல்லை. ஐஃபோன் 12 முதல் வந்த ஃபோன்களில் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே "மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி" என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் "பேண்ட்" என்பதை 2.4-க்கு மாற்றுங்கள். இன்னொன்றும் பாருங்கள்: பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ3 மட்டும் தேர்வாகியிருந்தால் பழைய டேப் சேராது. டபிள்யூபிஏ2-உம் சேர்ந்து இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

"ஹாட்ஸ்பாட்டுக்குன்னு தனியா காசு புடிப்பாங்களா?"

நம் ஊரில் சாதாரண ப்ரீபெய்டு பேக்கில் தனிக் கட்டணம் கிடையாது. டேப் செலவழிப்பதும் உங்கள் பேக்கின் அதே டேட்டாவிலிருந்துதான் கழியும். வெளிநாட்டில் அப்படி நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் பல பேக்குகளில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி அளவு வைத்திருப்பார்கள். பிள்ளையைப் பார்க்க அங்கே போகிறவர்கள் கேட்டுக்கொண்டு ஆன் செய்யுங்கள்.

"ஒன்றரை ஜிபி காலைல பத்து மணிக்கே காலி. பையன் ஒரே ஒரு வீடியோதான் பார்த்தேன்னு சத்தியம் பண்றான்."

பையன் சொல்வது உண்மையாக இருக்கலாம். தயவுசெய்து திட்டுவதற்கு முன் டேபைப் பாருங்கள். இதே புகாருடன் வந்த ஓர் அப்பாவின் டேபை வாங்கி டேட்டா கணக்கைத் திறந்தேன். யூடியூப் 300 எம்பிதான் எடுத்திருந்தது. ஆப்களைப் புதுப்பிக்கும் ப்ளே ஸ்டோர் 700 எம்பி. கல்யாணத்தில் எடுத்த வீடியோக்களை ஏற்றிக்கொண்டிருந்த கூகுள் ஃபோட்டோஸ் கிட்டத்தட்ட 500 எம்பி. பையன் பக்கத்தில் நின்று கண்கலங்கினான். அந்த அப்பா அவன் தோளில் கை வைத்து "சரிடா, விடு" என்றார்.

முதல் கேள்வியில் சொன்னதுதான் இங்கே நடந்தது. வைஃபை கிடைத்ததும், இனி அளவே இல்லை என்று டேப் நினைத்துக்கொள்கிறது. வைஃபை வரட்டும் என்று காத்திருந்த வேலைகளெல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடுகின்றன. ஆகவே இது அளந்து வரும் நெட் என்று டேபுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு டேபில் வைஃபை பட்டியலில் உங்கள் ஃபோனின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, "மீட்டர்டு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோனோடு சேரும் ஆண்ட்ராய்டு டேப் பல நேரம் இதைத் தானாகவே புரிந்துகொள்ளும், ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஐபேடில் அதே இடத்தில் "லோ டேட்டா மோட்" இருக்கும். கூடவே ப்ளே ஸ்டோரில் தானாகப் புதுப்பிப்பதையும், ஃபோட்டோஸில் பேக்கப்பையும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது யூடியூப். அதில் வீடியோ தரத்தை மொபைல் நெட்டுக்குத் தனியாகவும் வைஃபைக்குத் தனியாகவும் வைக்க முடியும். ஹாட்ஸ்பாட்டில் வரும் டேபுக்கு வைஃபைக்கான தரம்தான் நடக்கும். அதனால் டேபில் வைஃபை தரத்தையும் "டேட்டா சேவர்" என்று மாற்றுங்கள். பெரிய திரை என்பதால் விட்டால் 720, 1080 என்று போய்விடும். 720-இல் ஒரு மணி நேரப் பாடம் ஒரு ஜிபியைத் தாண்டலாம். 360-இல் அதே பாடம் ஏறக்குறைய 300 எம்பியில் முடியும். கரும்பலகையில் எழுதியது 360-இலும் படிக்கத் தெரிகிறது, என் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துதான் சொல்கிறேன். எழுத்து மங்கினால் அந்த இடத்துக்கு மட்டும் 480 வைத்துக்கொள்ளலாம்.

"டேப் எவ்வளவு இழுத்துச்சுன்னு ஃபோன்லயே தெரியுமா?"

தெரியும். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் டேட்டா யூசேஜ் பட்டியலில், ஆப்களுக்கு நடுவே ஹாட்ஸ்பாட்டுக்கு என்று ஒரு வரி இருக்கும். ஐஃபோனில் மொபைல் டேட்டா பக்கத்தில் பர்சனல் ஹாட்ஸ்பாட் கணக்கு வரும். சில ஃபோன்களில் ஹாட்ஸ்பாட்டுக்கே வரம்பு வைக்கலாம். 500 எம்பி என்று வைத்தால் அந்த அளவு வந்ததும் ஃபோனே நிறுத்திக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் வைக்கச் சொல்வேன்.

"டேட்டா தீர்ந்தா நெட் சுத்தமா நின்னுடுமா? சில நேரம் வாட்ஸ்அப் மட்டும் போகுதே?"

தினசரி டேட்டா தரும் பேக்குகள் பலவற்றில் அளவு தீர்ந்ததும் நெட் நிற்காது, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். நொடிக்கு 8 கேபி என்று கணக்கு. வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதியது போய்ச் சேர்ந்துவிடும். 5 எம்பி உள்ள ஒரு வினாத்தாள் இறங்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். வீடியோவை மறந்துவிடுங்கள்.

நள்ளிரவு 12 மணிக்குப் புதிய நாளின் டேட்டா வந்துவிடும். அவசரம் என்றால் ஒரு ஜிபி, இரண்டு ஜிபி கூடுதல் பேக் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை அப்படிப் போட வேண்டியிருந்தால், தினசரி இரண்டு ஜிபி தரும் பேக்கே மலிவாக முடியும். ஒரு மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

"எனக்கு 5ஜி அன்லிமிடெட். அப்புறம் ஏன் டேட்டா தீர்ந்துடுச்சுன்னு மெசேஜ் வருது?"

அந்த அன்லிமிடெட் என்பது ஃபோன் 5ஜி டவரைப் பிடித்திருக்கும் நேரத்துக்கு மட்டும். 4ஜிக்கு இறங்கிய நிமிடத்திலிருந்து தினசரி அளவு கழிய ஆரம்பிக்கும். முன்னறையில் 5ஜி காட்டிய ஃபோன், உள்ளறைக்கு எடுத்துப்போனால் 4ஜி காட்டுவது எங்கள் வீட்டிலேயே நடக்கிறது. ஹாட்ஸ்பாட் கொடுக்கும் நேரம் ஃபோனை 5ஜி கிடைக்கும் ஜன்னலோரம் வையுங்கள். டேபை எடுத்துக்கொண்டு பிள்ளை உள்ளறைக்குப் போகலாம், ஃபோன் போகக் கூடாது. எல்லா பேக்குக்கும் இந்தச் சலுகை இல்லை என்பதால் உங்கள் பேக்கின் விவரத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

"கனெக்டட்னு போட்டிருக்கு. ஆனா ஒண்ணும் திறக்க மாட்டேங்குது."

முதலில் ஃபோனிலேயே நெட் வருகிறதா என்று பாருங்கள். மொபைல் டேட்டா ஆஃப்பில் இருந்தாலும் ஹாட்ஸ்பாட் ஆன் ஆகும், டேபும் சேரும், நெட் மட்டும் வராது. டேட்டா தீர்ந்திருந்தாலும் இப்படித்தான் தோன்றும். ஃபோனில் டேட்டா சேவர் ஆன் ஆகியிருந்தால் சில ஃபோன்கள் ஹாட்ஸ்பாட்டையே அனுமதிக்காது, அதையும் பாருங்கள். இதெல்லாம் சரி என்றால் டேபில் அந்த வைஃபையை "ஃபர்கெட்" கொடுத்து நீக்கிவிட்டு, புதிதாகப் பாஸ்வேர்ட் கொடுத்துச் சேருங்கள். ஃபோனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

யாரும் யோசிக்காத காரணம் ஒன்று உண்டு: தேதி. பீரோவில் மாதக்கணக்கில் கிடந்து சார்ஜ் சுத்தமாக இறங்கிய ஒரு டேபை ஒரு பாட்டி கொண்டுவந்தார். வைஃபை கோடுகள் முழுதாக இருந்தன, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. மேல் ஓரத்தில் பார்த்தால் 2018 ஜனவரி 1. தானாக நேரம் எடுக்கும் வசதி அணைந்து கிடந்தது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுகளுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. டேபின் தேதி அதற்குள் வராவிட்டால் எல்லாத் தளத்தையும் சந்தேகப்பட்டு நிறுத்திவிடும். தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் ஓடியது. பேரனோடு வீடியோ காலில் பேசிவிட்டுத்தான் பாட்டி எழுந்தார்.

"ஆன்லைன் கிளாஸ் நடுவுல திடீர் திடீர்னு அறுந்து போகுது. சிக்னல் நல்லாதான் இருக்கு."

உங்கள் ஃபோனில் இரண்டு சிம் இருக்கிறதா? அப்படியானால் அறுந்த நேரத்தில் அழைப்பு வந்ததா என்று பாருங்கள். டேட்டா முதல் சிம்மில் இருக்கும்போது இரண்டாவது சிம்மில் பேசினால், பல ஃபோன்களில் பேசி முடிக்கும் வரை டேட்டா நின்றுவிடும். ஓர் அம்மாவை நேரம் குறித்து வைக்கச் சொன்னேன். அறுந்த மூன்று முறையும் அவருடைய பழைய நம்பருக்கு யாரோ அழைத்திருந்தார்கள். சிம் செட்டிங்ஸில், அழைப்பின்போது டேட்டாவைத் தானாக மற்ற சிம்முக்கு மாற்றும் வசதி இருக்கும். அந்த சிம்மிலும் டேட்டா இருந்தால் அது உதவும். இல்லாவிட்டால் டெஸ்ட் நடக்கும் ஒரு மணி நேரம் மட்டும் இரண்டாவது சிம்மை அணைத்து வையுங்கள். டேட்டா உள்ள சிம்மிலேயே அழைப்பு வந்தால், வோல்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) இருக்கும்வரை நெட் நிற்காது.

கிளாஸின் இடைவேளைக்குப் பிறகு நெட் இல்லையென்றால் காரணம் வேறு. கொஞ்ச நேரம் யாரும் சேராமல் இருந்தால் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடும். செட்டிங்ஸில் அந்தத் தானியங்கி அணைப்பை நிறுத்தி வைக்கலாம், ஆனால் கிளாஸ் முடிந்ததும் கையால் அணைக்க மறக்காதீர்கள்.

"ஃபோன் இப்படிக் கொதிக்குதே, பேட்டரி போயிடாதா?"

ஒரே நேரத்தில் டவரோடும் டேபோடும் பேசுவதால் சூடு வரத்தான் செய்யும். சார்ஜிலும் போட்டால் இன்னும் ஏறும். கவரைக் கழற்றிவிட்டு, காற்று படும் இடத்தில், வெறும் மேசைமேல் வையுங்கள். தலையணைக்கு அடியில், மெத்தைமேல் வைக்கவே கூடாது. ஜன்னலோரம் என்று மேலே சொன்னதை மே மாத வெயிலில் அப்படியே செய்துவிடாதீர்கள், நேர் வெயில் படாத ஜன்னலாகப் பாருங்கள். சிக்னல் மோசமான இடத்தில் ஃபோன் டவரைப் பிடிக்கக் கூடுதலாக உழைக்கும், அதுவும் சூடுதான். தொடமுடியாத அளவு சுட்டால் ஹாட்ஸ்பாட்டை நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

"வைஃபை இல்லாம கேபிள்ல, ப்ளூடூத்துல கொடுக்கலாமாமே?"

கொடுக்கலாம். ப்ளூடூத்தில் சூடு குறைவு, பேட்டரியும் குறைவாகவே போகும். வேகமும் குறைவு, நல்ல நிலையில் 2 எம்பிபிஎஸ் வந்தால் பெரிது. மெயில் பார்க்க, படிக்க அது போதும். கேபிளில் வேகம் நன்றாக இருக்கும், ஆனால் எல்லா டேபும் கேபிளில் வரும் நெட்டை எடுத்துக்கொள்ளாது. உங்கள் டேபில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

"பக்கத்து வீட்டுத் தம்பி பாஸ்வேர்ட் கேக்குறான். கொடுக்கலாமா, அக்கா?"

தெரிந்த பிள்ளை, படிப்புக்குக் கேட்கிறது என்றால் கொடுங்கள். கொடுத்துவிட்டு வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். உங்கள் நெட்டில் யார் என்ன செய்தாலும் அது உங்கள் நம்பரின் கணக்கில்தான் பதிவாகும், அதனால் முகம் தெரியாதவர்களுக்கு வேண்டாம். பஸ்ஸில், ரயிலில் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து விடவே கூடாது. ஹாட்ஸ்பாட்டின் பெயரில் உங்கள் முழுப் பெயர் இருந்தால் மாற்றிவிடுங்கள். சுற்றியிருக்கும் எல்லோருக்கும் அது தெரியும், தனியாகப் பயணம் போகும் பெண் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

"என் ஃபோன்ல பிள்ளைங்களுக்கான கட்டுப்பாடு எல்லாம் போட்டிருக்கேன். டேபுக்கும் அதுவே போதும்ல?"

போதாது. ஃபோனிலிருந்து போவது நெட் மட்டும்தான், ஃபோனில் உள்ள கட்டுப்பாடுகள் கூடப் போவதில்லை. ஃபோனில் விபிஎன் (நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) போட்டிருந்தாலும் ஹாட்ஸ்பாட் வழியாகப் போகும் டேபின் போக்குவரத்து பொதுவாக அதன் வழியாகப் போகாது. டேபில் தனியாக, பிள்ளையின் கணக்கிலேயே ஃபேமிலி லிங்க் போன்ற வசதியை அமையுங்கள். யூடியூபிலும் தனியாக வையுங்கள்.

"டேப்லயே வாட்ஸ்அப்பும் கூகுள் பேயும் வச்சுக்கலாமா?"

வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளலாம். ஃபோனில் "லிங்க்டு டிவைசஸ்" போய் டேபில் தெரியும் கியூஆர் கட்டத்தைக் காட்டினால் அதே கணக்கு டேபிலும் வரும். நான்கு கருவிகள் வரை சேர்க்கலாம். கிளாஸ் குழுவில் வரும் தாள்களைப் பெரிய திரையில் பார்க்க இது நல்ல வசதி. ஆனால் உங்கள் சொந்தப் பேச்சுகளும் பிள்ளை கையில் இருக்கும் என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

கூகுள் பே போன்ற யுபிஐ ஆப்கள் சிம் இல்லாத டேபில் நடக்காது. வங்கியில் பதிந்த நம்பரின் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போய்த்தான் அந்தக் கருவி உறுதியாகும். ஹாட்ஸ்பாட் எஸ்எம்எஸ்ஸைக் கொண்டுபோகாது.

"அப்பா வேலைக்குப் போனா ஃபோனும் போயிடுது. பகல் முழுக்க என்ன பண்றது? சிம் போடற டேபே வாங்கிடலாமா?"

இது ஒரு பதினொன்றாம் வகுப்புப் பெண் கேட்டது. உடனே புது டேப் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். சிம் போடும் டேபுக்கு விலையும் கூட, மாதா மாதம் இன்னொரு ரீசார்ஜும் வேண்டும். பகலில் நேரலை வகுப்பு தினமும் உண்டு என்றால் அது வேறு கதை, அப்போது இரண்டாவது சிம் தேவைதான்.

அவளுக்கு வேண்டியிருந்தது பாட வீடியோக்கள் மட்டும். அவள் அப்பா எட்டரைக்கு வீடு திரும்புவார். பத்தரை மணிக்கு அவர் ஃபோனில் மீதம் உள்ள டேட்டாவைப் பார்க்கச் சொன்னேன். பெரும்பாலான நாளில் 800 எம்பிக்கு மேல் இருந்தது. 12 மணி ஆனால் அது யாருக்கும் இல்லாமல் போய்விடும் டேட்டா. அந்த ஒன்றரை மணி நேரத்தில் மறுநாளுக்கான வீடியோக்களை யூடியூபிலேயே 360 தரத்தில் இறக்கிக்கொள்கிறாள். நம் பாடப் புத்தகத்தில் உள்ள கியூஆர் கட்டங்களை தீக்‌ஷா ஆப்பில் காட்டினால் வரும் பாடங்களில், இறக்க முடிகிறவற்றையும் இறக்கி வைக்கிறாள். யூடியூபில் இறக்கியதை அவ்வப்போது டேபை நெட்டில் சேர்க்காவிட்டால் திறக்க முடியாது. ஆனால் தினமும் இரவில் சேர்ப்பதால் அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இப்போது அவள் அப்பா சாப்பிட்டதும் தானாகவே ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, ஃபோனை முன்னறை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் படுக்கிறாராம். அந்தத் தட்டில்தான் 5ஜி வருகிறது.